பதினைந்து பிள்ளைகள், நான்கு ஆண்டுகள், ஓர் ஆசிரியர்

செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் பிராவிடன்ஸ் நகரின் ‘மெட்’ பள்ளிக்குப் போனால் பெரும்பாலான மாணவர்களைப் பார்க்க முடியாது. ஒருத்தி கால்நடை மருத்துவமனையில் இருப்பாள், ஒருவன் கட்டட வரைபட அலுவலகத்தில், இன்னொருவன் பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டு. யாரும் கட் அடித்துவிட்டுப் போகவில்லை. வாரத்தில் அந்த இரண்டு நாட்களும் அவர்களுக்கு வகுப்பே அங்கேதான்.

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டின் தலைநகரம் பிராவிடன்ஸ். அங்கே 1996-ல் 50 மாணவர்களோடு தொடங்கப்பட்ட உயர்நிலைப் பள்ளி இது. மெட்ரோபாலிடன் ரீஜனல் கரியர் அண்ட் டெக்னிக்கல் சென்டர் என்பது முழுப்பெயர். ஊர் வாயில் அது ‘தி மெட்’. அரசுப் பள்ளி, கட்டணம் கிடையாது. படிப்பவர்களில் பெரும்பாலோர் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள். கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்களும் அதிகம். ஒவ்வொருவரும் தனக்கு எதில் நாட்டமோ அதை வைத்துப் படிப்பைக் கட்டிக்கொள்வதுதான் பள்ளியின் அடிப்படை. ‘ஒரு நேரத்தில் ஒரு மாணவர்’ என்பது அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வாசகம்.

மெட் பற்றிய பேச்சு எப்போதும் மாணவர்களின் சுதந்திரத்தைச் சுற்றியே நடக்கிறது. பாடவேளை அட்டவணை இல்லை, ரேங்க் கார்டு இல்லை, பிடித்ததைப் படிக்கலாம் என்று கேட்கும்போது யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்தச் சுதந்திரம் தானாக நடப்பதில்லை. அதைத் தாங்கிப் பிடித்திருப்பது ஆசிரியர்களின் உழைப்பு. மெட் செய்த பெரிய மாற்றம் ஆசிரியர் வேலையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அந்த மாற்றத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் நகலெடுத்தால் மிஞ்சுவது வெறும் விளம்பரம்.

ஹொரேஸ் ஸ்மித்தின் கணக்கு

இந்தக் கதை மெட்டுக்கு முன்பே தொடங்குகிறது. பிராவிடன்ஸில் இருக்கும் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் தியடோர் சைசர். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து 1984-ல் ஒரு நூல் எழுதினார். அதில் ஹொரேஸ் ஸ்மித் என்று ஓர் ஆங்கில ஆசிரியர் வருவார். கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் நேரில் கண்ட பல ஆசிரியர்களைக் குழைத்துச் செய்தது. நல்ல மனிதர், தொழிலை நேசிப்பவர். அவரிடம் படிப்பவர்கள் 120 பேர்.

ஒரு கட்டுரையைத் திருத்த ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 120 கட்டுரைக்குப் பத்து மணி நேரம். அதுவும் ஒரு வாரத்துக்கு, ஒரு கட்டுரைக்கு. ஐந்து நிமிடத்தில் எழுத்துப்பிழையைச் சுழிக்கலாம். இந்தப் பிள்ளை ஏன் இப்படி யோசிக்கிறது என்று உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆகவே ஹொரேஸ் சமரசம் செய்துகொள்கிறார். குறைவாக எழுதச் சொல்கிறார், மேலோட்டமாகத் திருத்துகிறார். பிள்ளைகளும் தங்கள் பங்குக்கு அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் யாரையும் தொந்தரவு செய்யாத ஓர் உடன்பாடு. ஆசிரியர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுகிறவர்கள் அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

சைசர் தொடங்கிய பள்ளிக் கூட்டமைப்பில் ஆரம்பத்திலேயே சேர்ந்த பள்ளிகளில் ஒன்று, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வின்செஸ்டர் என்ற சிற்றூரில் இருந்த தேயர் உயர்நிலைப் பள்ளி. அதன் முதல்வர் டென்னிஸ் லிட்கி. 1981-ல் அங்கே சேர்ந்தவர், பள்ளியைத் தலைகீழாக மாற்றினார். பிள்ளைகளை ஊருக்குள் வேலை பழக அனுப்பினார். 1986-ல் உள்ளூர்ப் பள்ளிக் குழு அவரை நீக்கப் பார்த்தது. ஊர் இரண்டுபட்டது. அவர் போராடிப் பதவியில் நின்றார். 1992-ல் அந்தக் கதை தொலைக்காட்சித் திரைப்படமாகவே வந்தது. அதே தேயரில் அவரோடு வேலை செய்தவர் எலியட் வாஷர்.

ரோட் ஐலண்டில் புதிய தொழிற்கல்விப் பள்ளி ஒன்றுக்காக 1994-ல் வாக்காளர்கள் நிதிக்கு ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். மாநிலக் கல்வி ஆணையர் பீட்டர் மெக்வால்டர்ஸ், வழக்கமான பட்டறைப் பள்ளி ஒன்றைக் கட்டி முடித்துக் கைகழுவ விரும்பவில்லை. புதிதாக யோசிக்க லிட்கிக்கும் வாஷருக்கும் இடம் கொடுத்தார். அவர்கள் இருவரும் 1995-ல் ‘பிக் பிக்சர்’ என்ற அமைப்பைத் தொடங்க, அடுத்த ஆண்டு மெட் பிறந்தது.

அவர்கள் முதலில் கைவைத்தது ஹொரேஸின் 120-ல்தான். ஓர் ஆசிரியருக்குச் சுமார் 15 பிள்ளைகள். ஒன்பதாம் வகுப்பில் கையில் கிடைக்கும் அந்தப் பதினைந்து பேரையும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியே அனுப்பும்வரை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளியும் சின்னதாகவே இருந்தது. மாணவர்கள் கூடியபோது ஒரே கட்டடத்தில் ஆயிரம் பேரை அடைக்காமல், நூற்றுச்சொச்சம் பேர் கொண்ட தனித்தனிப் பள்ளிகளாகப் பிரித்து அருகருகே வைத்தார்கள்.

பாடம் நடத்தாத ஆசிரியர்

மெட்டில் ஆசிரியரை ‘அட்வைசர்’ என்றும், அவருடைய பதினைந்து பேர் குழுவை ‘அட்வைசரி’ என்றும் அழைக்கிறார்கள். காலையில் பள்ளியே ஓரிடத்தில் கூடும். ‘பிக் மீ அப்’ என்று அதற்குப் பெயர். பிறகு ஒவ்வொரு அட்வைசரியும் தன் அறைக்குப் போகும். திங்கள், புதன், வெள்ளி பள்ளியில் வேலை; செவ்வாய், வியாழன் வெளியே இன்டர்ன்ஷிப்.

ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் நாட்டம் எதில் என்று உடனே சொல்லத் தெரியாது. ‘தெரியலை’ என்றுதான் முதலில் சொல்லும். அங்கே தொடங்குகிறது அட்வைசரின் வேலை. வீட்டுக்குப் போகிறார், பெற்றோரோடு பேசுகிறார், பிள்ளை எதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுகிறது என்று கவனிக்கிறார். பிறகு அந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவரைப் பிள்ளையே தொலைபேசியில் அழைத்து நேரம் கேட்க வேண்டும். முன்பின் தெரியாத பெரியவரிடம் போனில் பேசுவது அந்த வயதில் எவ்வளவு பெரிய காரியம் என்று நமக்குத் தெரியும். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்து, ஒத்திகை பார்த்து, பக்கத்தில் அட்வைசர் உட்கார்ந்திருக்க, டயல் செய்கிறார்கள். முதலில் அந்த மனிதரோடு ஓர் உரையாடல். அது சரிப்பட்டால் ஒரு நாள் முழுக்க அவர் கூடவே நிழலாகத் திரிவது. அதுவும் சரிப்பட்டால்தான் இன்டர்ன்ஷிப். சரிப்படாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஆறு மாதத்தில் நாட்டம் மாறிவிட்டாலும் அதே கதைதான்.

கால்நடை மருத்துவமனைக்குப் போகும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரம் கூண்டு கழுவுவாள், நாயைப் பிடித்துக்கொள்வாள். அதோடு நின்றால் அது எடுபிடி வேலை, படிப்பு ஆகாது. அட்வைசர் ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே போகிறார். மருத்துவர் எட்டுக் கிலோ நாய்க்கு மருந்து எழுதுகிறார்: கிலோவுக்கு 5 மில்லிகிராம். ஆக 40 மில்லிகிராம். புட்டியில் இருக்கும் மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்றால், ஊசியில் எவ்வளவு ஏற்ற வேண்டும்? இரண்டு மில்லிலிட்டர். அந்தப் பெண் அதைப் பார்த்துத் தலையாட்டுகிறாள். அட்வைசர் அவளுக்கு மட்டும் கேட்கும்படி, ‘நாய் பன்னிரண்டரைக் கிலோவாக இருந்தால்?’ என்கிறார். அவளால் சொல்ல முடியவில்லை. விகிதக் கணக்கு வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. புதன்கிழமை காலை அவளுக்கு என்ன வேலை என்பதும் முடிவாகிவிட்டது.

அங்கிருந்து இன்னொரு நூல் பிடிக்கலாம். மனிதருக்குக் காய்ச்சல் வந்தால் போடும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு கிடையாது. ஏன் கிடையாது, நொதி என்றால் என்ன, கல்லீரல் என்னதான் செய்கிறது? பூனை வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கும்படி அவள் ஒரு துண்டறிக்கை தயாரிக்க வேண்டும் என்று மருத்துவரோடு பேசி முடிவெடுக்கிறார்கள். இப்போது உயிரியலும் வேதியியலும் எழுத்துப் பயிற்சியும் ஒரே காகிதத்துக்குள் வந்துவிட்டன. அந்தத் துண்டறிக்கையில் ஒரு வரி தவறானால் யாரோ ஒருவர் வீட்டுப் பூனை சாகும். தேர்வில் ஒரு மதிப்பெண் குறைவதைவிட அந்தப் பொறுப்பு பிள்ளையை அதிகம் படிக்க வைக்கும்.

அந்த அட்வைசர் கால்நடை மருத்துவம் படித்தவராக இருக்கப் போவதில்லை. வரலாறு படித்து ஆசிரியர் வேலைக்கு வந்தவராக இருக்கலாம். அவருடைய மற்றப் பதினான்கு பேரில் ஒருத்தி ஆடை வடிவமைப்பிலும், ஒருவன் படகு கட்டுவதிலும் இருப்பார்கள். பாடம் நடத்துவது என்று நாம் பழகிய வேலை அவருக்குக் குறைவு. பிள்ளையின் கையில் இருக்கும் வேலைக்குள் படிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதும், அந்தத் துறை தெரிந்தவரிடம் பிள்ளையைக் கொண்டு சேர்ப்பதும், விடாமல் பின்தொடர்வதும்தான் வேலை. ‘எனக்கு இது தெரியாது, யாரைக் கேட்கலாம்?’ என்று மாணவர் முன்னால் தினமும் சொல்ல வேண்டிய வேலை அது. இருபது ஆண்டு கரும்பலகைக்கு முன்னால் நின்றவருக்கு இது எளிதல்ல. தன் பாடத்தில் கைதேர்ந்தவர் என்ற பெருமையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் நுழைய முடியும்.

தேர்வுக்குப் பதிலாக ‘எக்சிபிஷன்’ என்று ஒன்று நடக்கிறது. ஆண்டுக்குச் சில முறை ஒவ்வொரு மாணவரும் தன் வேலையைப் பெற்றோர், இன்டர்ன்ஷிப் வழிகாட்டி, சக மாணவர்கள், அட்வைசர் ஆகியோர் முன்னால் வைத்து விளக்க வேண்டும். கேள்விகள் வரும். மழுப்பினால் தெரிந்துவிடும், ஏனென்றால் அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் அந்தப் பிள்ளையைத் தெரியும். அதன்பின் அட்வைசர் எழுதுகிறார். ஏ, பி, சி என்று ஓர் எழுத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிட முடியாது. எது வந்தது, எது வரவில்லை, அடுத்து என்ன என்று ஒவ்வொருவரைப் பற்றியும் பக்கக்கணக்கில் எழுத வேண்டும். வெளியே போகும் ஆண்டில் மாணவர்கள் 75 பக்கத் தன்வரலாறு ஒன்றையும் எழுதுகிறார்கள். அதை வரிவரியாகப் படித்து, திருப்பிக் கொடுத்து, மறுபடி எழுத வைப்பதும் அவர்தான். ஹொரேஸால் முடியாமல் போன வேலை இது. நூற்றிருபது பேருக்கு யாராலும் முடியாது.

நம் சந்தேகம் நியாயமானது

தமிழ் வாசகர் ஒருவருக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி எழாமல் இருக்காது. ஏழைப் பிள்ளைகளை வாரத்தில் இரண்டு நாள் வேலைக்கு அனுப்பும் பள்ளியா? 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை நாம் மறக்கவில்லை. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது அது. குலக்கல்வி என்று பெயர் சூட்டிப் பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அப்பன் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டுவதற்குக் கல்வி என்று பெயர் வைக்கக் கூடாது என்ற தெளிவு அந்தப் போராட்டத்தில் நமக்குக் கிடைத்தது.

அமெரிக்காவிலும் இதே அச்சம் உண்டு. தொழிற்கல்விப் பள்ளி என்றால் ஏழைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் ஒதுக்கிவைக்கும் இடம் என்ற பழைய அனுபவம் அவர்களுக்கும் இருக்கிறது. தொழிற்கல்விக்கென ஒதுக்கிய நிதியில் எழுந்த மெட், அந்தப் பாதையில் போக மறுத்தது. எல்லா மாணவர்களும் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று வைத்தது. 2000-ல் முதல் அணி வெளியேறியபோது எல்லோருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்ததாகப் பள்ளி பெருமையோடு அறிவித்தது. பேக்கரிக்குப் போகும் பையன் பேக்கர் ஆவதற்காகப் போகவில்லை. மாவு ஏன் புளிக்கிறது என்று கேட்கப் பழகுவதற்காகப் போகிறான். அந்தத் தொழில் அவன் தேர்ந்தது, நாளை அவனே அதை விட்டுவிடலாம்.

ஆனால் அந்த வேறுபாட்டைக் காப்பாற்றுவது எந்தச் சட்டமும் அல்ல, அட்வைசர்தான். அவர் செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்கு வரவில்லையென்றால் அந்தப் பெண் கூண்டு கழுவிக்கொண்டே இருப்பாள். காசில்லாத கூலியாளாக அவளை ஒரு நிறுவனம் வைத்துக்கொள்வதற்கும், அவள் அங்கே படிப்பதற்கும் நடுவில் நிற்பவர் அந்த ஒருவர்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கணிதம் பற்றிய கேள்வி மெட்டைத் தொடக்கத்திலிருந்தே துரத்துகிறது. விகிதக் கணக்கு கால்நடை மருத்துவமனையில் கிடைக்கும்; இயற்கணிதம் படிப்படியாக, வரிசையாக ஏற வேண்டிய பாடம். எல்லாப் படியும் எல்லா இன்டர்ன்ஷிப்பிலும் கிடைக்காது. பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ போக நினைக்கும் பிள்ளைக்கு இது சின்ன இடைவெளி அல்ல. நாட்டத்தை மட்டும் நம்பினால் போதாது, சில விஷயங்களை ஒருவர் உட்கார வைத்து முறையாகச் சொல்லித்தரத்தான் வேண்டும். இந்த இடத்தில் நான் விமர்சகர்கள் பக்கம்.

இன்னொரு குறை ஆசிரியரைத் தேய்க்கும் குறை. பதினைந்து பேர் என்றால் பதினைந்து வீடு. வீட்டில் வேலை போனது, அண்ணன் சிறைக்குப் போனது, இரவு தூங்க இடமில்லாதது எல்லாம் அவர் காதுக்குத்தான் முதலில் வரும். நான்கு ஆண்டு உறவு என்பது நன்றாக இருக்கும்போது பெரும் பேறு. ஒத்துவராதபோது இருவருக்கும் நீண்ட காலம். நடுவில் அட்வைசர் வேலையை விட்டுவிட்டால், ஒரு பாட ஆசிரியர் மாறுவதைப் போல அது முடிந்துவிடாது. அந்தப் பதினைந்து பேரையும் அறிந்த நினைவே பள்ளியைவிட்டுப் போய்விடுகிறது. அர்ப்பணிப்பு என்று சொல்லி ஆசிரியரின் இரவுகளையும் விடுமுறைகளையும் எடுத்துக்கொள்ளும் எந்தப் பள்ளியும் நீண்டநாள் நிலைக்காது. அந்த உழைப்புக்குத் தகுந்த சம்பளமும் ஓய்வும் துணை ஆட்களும் வேண்டும்.

கோடையில் நடந்தது

மெட் பற்றி நான் படித்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, பள்ளி முடிந்த பிறகு நடந்தது. பாஸ்டன் கல்லூரியைச் சேர்ந்த கேரன் ஆர்னால்டும் உடன் ஆய்வாளர்களும் பிக் பிக்சர் பள்ளிகளில் படித்து முடித்தவர்களைப் பின்தொடர்ந்தார்கள். கல்லூரியில் இடம் வாங்கிய பிள்ளைகளில் கணிசமானோர், படிப்பு தொடங்குவதற்கு முந்திய கோடை மாதங்களில் தடுமாறினார்கள். கட்டண உதவிப் படிவம், விடுதி முன்பணம், புரியாத கடிதங்கள். வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை, கேட்க ஆள் இல்லை. சிலர் கல்லூரியை மாற்றிக்கொண்டார்கள், சிலர் போகவே இல்லை.

மே மாதம்வரை எல்லாம் சரியாக நடந்த அதே பிள்ளைகள்தான். நாட்டமும் அதேதான், அறிவும் அதேதான். பள்ளி முடிந்துவிட்டது, புதிய கல்லூரி இன்னும் அவர்களைத் தன் பிள்ளைகளாகக் கணக்கில் சேர்க்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘அந்தப் படிவத்தை அனுப்பினாயா?’ என்று கேட்பது யாருடைய வேலையாகவும் இல்லாத இரண்டு மூன்று மாதங்கள் அவை. அட்வைசர் என்ற ஒருவர் நான்கு ஆண்டு என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. கல்லூரிக்குப் போயும் பாதியில் நின்றவர்களைப் பார்த்துத்தான் லிட்கி 2009-ல் ‘காலேஜ் அன்பவுண்ட்’ என்ற முயற்சியைத் தொடங்கினார். அதே முறையைக் கல்லூரிக்குக் கொண்டுபோகும் முயற்சி அது.

மெட்டின் பெயர் பரவியது. கேட்ஸ் அறக்கட்டளையின் பணத்தோடு அமெரிக்காவின் பல நகரங்களில் இதே மாதிரிப் பள்ளிகள் வந்தன. ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் தொடங்கினார்கள். 2010-ல் அதிபர் ஒபாமா, படிப்பை நடுவில் விடும் மாணவர்களைப் பற்றிய உரையில் மெட்டைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். பரவும்போது எது எளிதோ அதுதான் முதலில் பரவும். இன்டர்ன்ஷிப்பை நகலெடுப்பது எளிது. சுவரில் வாசகம் எழுதுவது அதைவிட எளிது. ஓர் ஆசிரியருக்குப் பதினைந்து பிள்ளை என்பதுதான் செலவு பிடிக்கும் வேலை, அதனால் அதில்தான் முதலில் கை வைப்பார்கள்.

நம்மூரிலும் இப்போது சாலையோரப் பதாகைகளில் இந்தச் சொற்கள் வரத் தொடங்கிவிட்டன: குழந்தையின் விருப்பம், தனிக்கவனம், செயல்வழி. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டத் தயாராகப் பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள். அப்படி ஒரு பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது நீச்சல் குளத்தையும் ரோபோ கூடத்தையும் காட்டுவார்கள், பாருங்கள். பார்த்து முடித்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் பிள்ளைக்குப் பொறுப்பான ஆசிரியர் யார்? அவர் கையில் மொத்தம் எத்தனை பிள்ளைகள்? எத்தனை ஆண்டு அவரே என் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்? பதிலாக ஒரு பெயரும் இரண்டு எண்களும் வர வேண்டும். வராவிட்டால் அங்கே பணம் கட்டாதீர்கள். அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கிறது என்றால், இதே கேள்விகளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுப்புங்கள். ஆசிரியர்களும் உங்களோடு சேர்ந்து அதையே கேட்பார்கள்.